கேட்டைச் சாத்துகிற கை

மக்ளே,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேட் படங்களை எல்லாம் பார்த்தேன். எல்லாமே வெள்ளைக் கம்பி, நடுவில் ஒரு சின்னக் கதவு, ஒன்றுக்கொன்று வித்தியாசம் விலையில்தான். "இதுல எதை வாங்கட்டும் மாமா?" என்று கேட்டிருக்கிறாய். பிள்ளை இப்போதுதான் வயிற்றால் இழைந்து நகரத் தொடங்கியிருக்கிறான் என்கிறாய். அப்படியானால் சரியான நேரத்தில்தான் கேட்கிறாய். ஆறு மாதம் நிறைந்ததும் கேட் அதனதன் இடத்தில் நின்றுவிட வேண்டும். நேற்று வரை பாயில் கிடந்த பிள்ளை இன்று காலையில் அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்திருப்பான். அந்த நாளை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஐ.டி.ஐ.யில் தச்சு சொல்லிக்கொடுத்தவன் என்பதால் மாமன் உடனே ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்திருப்பாய். அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தீர்மானமாக வேண்டும். கேட் எந்த வாசலில் நிற்கப் போகிறது? அதைத் தினமும் யார் சாத்தப் போகிறார்கள்? கேட் வாங்குகிறவர்கள் முதல் கேள்வியைப் பாதி யோசிக்கிறார்கள், இரண்டாவதை யோசிப்பதே இல்லை.

கடையில் விற்கிற கேட் பெரும்பாலும் மாடிப்படியை மனதில் வைத்துச் செய்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படுக்கையறை மாடியில் இருக்கும், அடுக்களைக்குப் பின்னால் கிணறு இருக்காது. அங்கே வீட்டுக்குள் பிள்ளைக்கு முதல் ஆபத்து படிதான். உங்கள் அதியன்னூர் வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது தச்சன் கண்ணோடுதான் சுற்றிப் பார்த்தேன். அந்த வீட்டில் என்னைப் பயமுறுத்துவது மாடிப்படியைவிடப் பின்வாசல்.

கேரளத்தைப் போலத் திறந்த கிணறுகள் நெருங்கிக் கிடக்கிற இடம் உலகத்திலேயே அரிது. கடலோரத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 200, உங்கள் ஊரைப் போன்ற இடைநாட்டில் 150 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு கிணறு, அதுவும் அடுக்களைக்குப் பக்கத்தில். தண்ணீர் கோரிக்கொண்டு போகச் சௌகரியம் என்று அந்தக் காலத்தில் அப்படித் தோண்டினார்கள். இன்று மோட்டார் வந்துவிட்டது, கிணறு மட்டும் அங்கேயே இருக்கிறது. உங்கள் அடுக்களையை ஒட்டிய வொர்க் ஏரியாவின் கிரில் கதவைத் தாண்டினால் ஏழெட்டு எட்டில் கிணறு.

கைப்பிடிச்சுவர் ஒரு மீட்டர் உயரம் வேண்டும் என்று கட்டட விதி சொல்கிறது. உங்கள் கிணற்றில் அந்த உயரம் இருக்கிறது. ஆனால் துணி துவைக்கிற கல்லைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். அதில் ஏறி நின்றால் மிச்சச் சுவர் பிள்ளையின் இடுப்புக்குக்கூட வராது. மோட்டாருக்குக் கட்டிய சிமெண்டுத் திண்டு இன்னொரு படி. ஒன்றரை வயதில் அவன் ஏறக் கற்றுக்கொள்வான், ஏறிப் பார்க்க ஆசைப்படுவான். ஆகையால் கேட் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை அந்தத் துவைகல்லை நாலடி தள்ளிப் போடுவது. இரண்டு ஆள் பிடித்தால் அரைமணி நேர வேலை. மோட்டார்த் திண்டை நகர்த்த முடியாது. அந்தப் பக்கம் மட்டும் சுவரை இரண்டு வரி உயர்த்தச் சொல்.

பிறகு கிணற்றுக்கு மூடி. இலை விழாமல் கட்டியிருக்கும் நைலான் வலையை மூடி என்று எண்ணிவிடாதே. வெயிலில் நைந்துபோன வலை பிள்ளையின் எடையைத் தாங்காது. அதைவிட மோசம், வலை போட்டிருக்கிறதே என்று பெரியவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். வெல்டிங்காரரிடம் சொல்லி இரும்புக் கிராதி ஒன்றை இரண்டு பாதியாகச் செய்து, கீல் வைத்து, பூட்டுப் போடுகிற மாதிரி பொருத்தச் சொல். ஒரு பாதியைத் திறந்தால் வாளி இறக்கலாம், கிணறு இறைக்க ஆள் இறங்கலாம். பொந்து சின்னதாக இருக்கட்டும், பிள்ளையின் கால் நுழையக் கூடாது.

கிணற்றை மூடிவிட்டால் பின்வாசல் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அங்கே துணி ஊறுகிற பெரிய அண்டா இருக்கிறது, மழைத் தண்ணீர் பிடிக்கிற டிரம் இருக்கிறது. தவழ்கிற பிள்ளைக்குத் தலைதான் பாரம். வாளிக்குள் குனிந்து தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சில அங்குலத் தண்ணீர் போதும். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது. உங்கள் தாலுகாவில் நெய்யாற்றுப் பாசனக் கால்வாயும் அதன் கிளைகளும் எத்தனை வீட்டுக்குப் பின்னால் ஓடுகின்றன என்று உனக்கே தெரியும். உன் பிள்ளை அடுத்த வீட்டுக்குத் தவழ்ந்து போக அதிக நாள் ஆகாது.

ஆகையால் முதல் தடுப்பை எங்கே வைக்கலாம்? ஹாலிலிருந்து அடுக்களைக்குப் போகிற வாசலில் வை என்பேன். அந்த ஒரு வாசலை அடைத்தால் அடுப்பு, வொர்க் ஏரியா, கிணற்றடி மூன்றும் அடைபட்டுவிடும். கிரில் கதவை அடைத்தால் கிணறு மட்டும்தான் அடைபடும். பிள்ளை அடுக்களையில் இருப்பான், உன் மாமியார் பெரிய பானையில் சோறு வடிக்கிற நேரத்தில் காலடியில் வந்து நிற்பான். கொதிக்கிற கஞ்சித் தண்ணீரின் முன்னால் எந்த எச்சரிக்கையும் அரை நொடிக்கு மேல் பிந்தித்தான் வரும். அடுக்களைக்குள் பிள்ளை வரவே கூடாது என்று வைத்துக்கொள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வீட்டிலேயே அதிகம் பேர் அதிகம் தடவை கடக்கிற வாசல் அதுதான். இங்கேதான் யார் சாத்துவது என்ற என் இரண்டாவது கேள்வி வருகிறது.

வங்கதேசத்துக் கிராமங்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அங்கே வீட்டைச் சுற்றிக் குளமும் ஓடையும்தான். பிள்ளைகள் அதிகம் மூழ்குவது காலை நேரத்தில், தாய்மார் அடுப்பிலும் வயலிலும் இருக்கும்போது. அதனால் அங்கே 'ஆஞ்சல்' என்ற பெயரில் பிள்ளைக் காப்பகங்கள் தொடங்கினார்கள். காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணி வரை நடக்கும். நம்ம அங்கன்வாடியைப் போலத்தான், ஆனால் மூழ்காமல் காப்பது முதல் வேலை. அதோடு வீடுகளிலும் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். சில வீட்டுக்கு வாசல் தடுப்பு, சில வீட்டுக்குப் பிள்ளையை உள்ளே விட்டு வைக்கிற விளையாட்டுக் கூண்டு, சில வீட்டுக்கு இரண்டும் கொடுத்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வின்படி, வாசல் தடுப்பைவிடக் கூண்டைத்தான் வீட்டார் மிக அதிகமாகப் பயன்படுத்தினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. வாசல் என்பது ஆள் போய்வரத்தான். கையில் விறகோ குடமோ வைத்துக்கொண்டு ஒரு பெண் தடுப்பை எத்தனை முறை எடுத்து எடுத்து வைப்பாள்? இரண்டாம் நாள் அது சுவரோரம் சாய்ந்து நிற்கும். அவளைக் குறை சொல்ல முடியாது. தடுப்பைச் செய்தவன் அவள் கையை நினைத்துப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1990 முதல் 2010 வரையிலான காலத்தில் பிள்ளைக் கேட்டினாலேயே அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 37 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரும்பாலும் கேட் சரிந்து விழுந்தோ, கேட் திறந்து கிடந்தோ படியில் உருண்டவர்கள். அதற்கு மேல் வயதுள்ளவர்கள் கேட்டில் ஏறியோ அதில் மோதியோ அடிபட்டவர்கள். கேட் இல்லாத வீட்டில் தாய் படிப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பாள். கேட் இருக்கிறது என்று நம்பி, அது திறந்து கிடக்கிற வீட்டில் அந்தக் கண்ணும் இல்லாமல் போகிறது. அந்தக் கணக்கில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

உங்கள் வீட்டில் அடுக்களை வாசலை அதிகம் கடக்கிற கை உன் மாமியாருடையது. நீ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பினதும் பகல் முழுக்க அவர்கள்தான். மூட்டு வலி இருக்கிறது. தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து கட்டைவிரலும் இறுகிப் போயிருக்கிறது. நீ அனுப்பின படங்களில் முக்கால்வாசி கேட்டின் கொண்டி, கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமுக்கி, அமுக்கினபடியே பின்னால் இழுத்து, பிறகு மேலே தூக்க வேண்டிய மாதிரி. பிள்ளையால் திறக்க முடியாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். உன் மாமியாராலும் திறக்க முடியாது. இரண்டு முறை திணறிப் பார்த்துவிட்டு மூன்றாம் முறை சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டப் போவார்கள். அந்த வயதில் கேட்டைத் தாண்டுவது இடுப்பு எலும்புக்கு வினை. பெரியவர்கள் தாண்டுவதைப் பார்த்துப் பிள்ளையும் தாண்டக் கற்றுக்கொள்வான். கையில் பிள்ளையோடு ஒருநாளும் தாண்டாதே. இதை உன் மாப்பிள்ளைக்கும் சொல்.

எனவே எந்தக் கேட்டானாலும் பரீட்சை ஒன்றுதான். உன் மாமியாரின் ஒரு கையில் தண்ணீர் வாளியைக் கொடு. மறு கையால் திறந்து, கடந்து, சாத்தச் சொல். முகம் சுளிக்காமல் செய்ய முடிந்தால் அது உங்கள் வீட்டு கேட். முடியாவிட்டால் எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும் வேண்டாம். ஆன்லைனில் வாங்கினால் இதைச் செய்ய முடியாது. திருவனந்தபுரத்துக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் வைத்தே திறந்து பார்க்கச் சொல்.

அடுக்களை வாசலுக்கு நான் கடைக் கேட்டே சொல்ல மாட்டேன். அரைக்கதவு ஒன்று அடித்துப் போடலாம். பழைய வீடுகளில் ஆடும் கோழியும் உள்ளே வராமல் போடுவார்களே, அதுதான். அயனித் தடியோ பலாத் தடியோ போதும், தேக்கு வேண்டாம். தரையிலிருந்து 85 செ.மீ. உயரம். சட்டங்கள் எல்லாம் நெட்டுக்குத்தாக, இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகாமல். இந்த அளவை மாற்றாதே. பிள்ளையின் உடம்பு தலையைவிட ஒடுக்கம். கால் முதலில் நுழைந்து, உடம்பும் நுழைந்து, தலை மட்டும் மாட்டிக்கொண்டு தொங்கிவிடும். குறுக்குச் சட்டம் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் கிடையாது. நடுவில் போட்டால் அது ஏணிப்படி. கதவுக்குக் கீழே மூன்று விரற்கடைக்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

திறக்கிற திசை முக்கியம். கதவு ஹாலின் பக்கமாக, அதாவது பிள்ளை நிற்கிற பக்கமாகத் திறக்க வேண்டும். பிள்ளை அடுக்களைப் பக்கம் தள்ளுவான், மொத்த எடையோடு தள்ளுவான். அப்போது கதவு போய் நிலையில் முட்டி நிற்கும், பாரம் நிலைக்குப் போகும். மறுபக்கம் திறக்கிற மாதிரி வைத்தால் அவன் தள்ளுகிற தள்ளல் எல்லாம் அந்தச் சின்னக் கொண்டிக்குத்தான். கீல் ஸ்பிரிங் கீலாக இருக்கட்டும், விட்டதும் தானாகச் சாத்திக்கொள்ளும். ஆனால் ஸ்பிரிங் மென்மையானது வேண்டும், பிள்ளையின் விரலை நசுக்கக் கூடாது. கீல் பக்கத்து இடுக்கை ஒரு ரப்பர்ப் பட்டையால் மூடச் சொல். கொண்டியை அடுக்களைப் பக்கம், கதவின் மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே வை. பெரியவர்கள் மேலே கையை விட்டு எடுக்கலாம், அவன் கைக்கு எட்டாது.

இப்போது மாடிப்படி. இங்கே கடைக் கேட் வாங்கலாம், ஆனால் இரண்டு வகை உண்டு என்று தெரிந்துகொள். ஒன்று சுவருக்குச் சுவர் அழுத்தி நிற்பது, இன்னொன்று ஸ்க்ரூ போட்டு முறுக்குவது. படியின் மேல்பக்கத்துக்கு ஸ்க்ரூ போட்டது மட்டும்தான். இதில் விட்டுக்கொடுக்காதே. அழுத்தி நிற்கிற கேட்டுக்குத் தரையில் ஒரு குறுக்குக் கம்பி ஓடும். படியிறங்கப் போகிறவர் கால் அதில் தட்டினால் கீழே வரை பிடிமானம் இல்லை. அதோடு அழுத்தம் நாள்பட நாள்படத் தளரும். கிட்டத்தட்ட 13.6 கிலோ விசையில் தள்ளினாலும் விலகக் கூடாது என்று அமெரிக்காவில் தரக்கட்டுப்பாடு இருக்கிறது. சுவரில் பதிக்கிற சின்ன வட்டக் கிண்ணங்கள் அந்தப் பொட்டலத்திலேயே வருவது அதற்காகத்தான். சுவர் பெயிண்டு கெடும் என்று பலரும் அதை எடுத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அதை ஒதுக்கினால் கேட்டையும் ஒதுக்கின மாதிரிதான்.

மாடியில் உங்கள் சுவர் வெட்டுகல். மேலே பூச்சு, உள்ளே மிருதுவான கல். பிளக் அடித்து நேராகக் கீலை முறுக்கினால் பூச்சில் மட்டும் கடித்து நிற்கும், ஒருநாள் பொடியோடு கையில் வரும். பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் ஆழமாகப் போகிற நீள ஸ்க்ரூவில் முதலில் ஒரு மரச்சட்டத்தைச் சுவரில் நிறுத்தச் சொல், மேலிருந்து கீழ்வரை நாலு இடத்தில். கீல் அந்தச் சட்டத்தில் வரட்டும். எதிர்ப்பக்கம் ஸ்டீல் கைப்பிடித் தூண். அதில் துளை போட வேண்டாம், கிளாம்பு போட்டு ஒரு மரத்துண்டைக் கட்டி அதில் கொண்டியை வை. கதவு திறப்பது மாடித் தளத்தின் பக்கம். படியின் மேலே ஆடிக்கொண்டு திறக்கிற கேட் இருப்பதைவிட இல்லாமலிருப்பது நல்லது. திறக்கிறவரையே அது படிக்கு இழுத்துக்கொண்டு போகும்.

உன் மாமனார் பழைய கடையிலிருந்து கழற்றின சுருக்குக் கேட் ஒன்று ஷெட்டில் கிடக்கிறது, அதைப் படியில் வைத்துவிடலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். பேரனுக்குச் செய்ய வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறார், அதனால் பக்குவமாகச் சொல். கத்தரிக்கோல் போல விரிந்து சுருங்குகிற எந்த கேட்டும் பிள்ளை இருக்கிற வீட்டில் ஆகாது. விரித்தால் வருகிற சாய்சதுரப் பொந்தில் தலை நுழையும், மேல்விளிம்பில் வருகிற கூரான பள்ளத்தில் கழுத்து மாட்டும், கம்பிகள் கடக்கிற இடத்தில் விரல் நசுங்கும். இப்படிப் பிள்ளைகள் இறந்ததால்தான் அந்த மாதிரிப் பழைய மர கேட்டுகள் அமெரிக்காவில் 1985 பிப்ரவரியோடு விற்பனையிலிருந்து போயின. உன் மாமனாரிடம் கிணற்று மூடி வேலையை ஒப்படை. வெல்டிங்காரரிடம் நின்று வேலை வாங்க அவரை விட்டால் ஆளில்லை.

கேட்டை மட்டும் பார்த்துவிட்டு மாடிக் கைப்பிடியை மறந்துவிடாதே. புது வீடுகளில் எல்லாம் ஸ்டீல் குழாயைப் படுக்கையாக மூன்று நாலு வரிசை ஓட விடுகிறார்கள், பார்க்க அழகு. பிள்ளைக்கு அது ஏறிப் போக வைத்த படி. உங்கள் வீட்டிலும் அதேதான். கழற்றி மாற்றச் செலவாகும். உள்பக்கமாக முழு உயரத்துக்கு அக்ரிலிக் ஷீட் வைத்துக் கட்டிவிடலாம். நாலைந்து வருஷம் கழித்து எடுத்துவிடு.

படியின் கீழ்ப்பக்கத்தில் அழுத்தி நிற்கிற கேட் போதும், கிண்ணங்களோடு. தறி இருக்கிற அறைக்கும் அதுவே போதும். அந்த அறையை நீ கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. பாலராமபுரத்துக்குப் பக்கத்து ஊர்களில் பிறந்தவர்களுக்குக் குழித்தறி கண்ணில் படாத அளவுக்குப் பழகிப்போன பொருள். நெசவுக்காரர் காலை இறக்கி மிதிக்கட்டையை மிதிக்கிற குழி அது, தரையோடு தரையாகத் திறந்து கிடக்கும். தவழ்கிற பிள்ளைக்கு அந்தப் பள்ளம் தெரியாது. உன் மாமியார் தறியில் இல்லாத நேரம் குழியின் மேல் ஒரு பலகை கிடக்க வேண்டும், வாசலில் கேட் நிற்க வேண்டும். தறியில் இருக்கிற நேரமும் கேட் வேண்டும், ஏனென்றால் நாடா ஓடும்போது அவர்களால் திரும்பிப் பார்க்க முடியாது. ரப்பர்பால் உறைய ஊற்றுகிற ஆசிட் இருக்கிற ஷெட்டுக்கு கேட் பேச்சே இல்லை, பூட்டு. குளியலறைக் கதவுக்கு மேலே ஒரு கொக்கி.

முன்பக்கம் சிட்அவுட்டிலிருந்து மூன்று படி இறங்கினால் முற்றம், முற்றம் கடந்தால் ரோடு. ஆறாலுமூட்டில் ஹைவேயில் நெருக்கடி ஆகும்போது வண்டிகள் எல்லாம் உங்கள் ரோட்டில்தான் திரும்புகின்றன. சிட்அவுட் அகலம் அதிகம், கடைக் கேட் எட்டாது. தூணுக்குத் தூண் நெட்டுக்கம்பிக் கிராதி போட்டு நடுவில் ஒரு கதவு வைக்கச் சொல். காம்பவுண்டு கேட் தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய இரும்பு கேட். அந்த ஜாதி கேட் முனையில் நிறுத்துகட்டை இல்லாமல் ஓடி, தடம் விட்டுச் சரிந்து பிள்ளைகள் மேல் விழுந்திருக்கிறது. இரண்டு முனையிலும் நிறுத்துகட்டை இருக்கிறதா, மேலே பிடிக்கிற உருளை தேயாமல் இருக்கிறதா என்று உன் மாப்பிள்ளை இந்த வாரமே பார்க்கட்டும். அதற்கு ரிமோட் மோட்டார் வைக்கலாமா என்று அவர் யோசிக்கிறார் என்றாய். 2024 ஜூனில் மலப்புறம் மாவட்டம் வைலத்தூரில் ரிமோட் கேட்டில் சிக்கி ஒன்பது வயதுப் பையன் இறந்து போனான். குறுக்கே எது வந்தாலும் தானாக நின்று பின்வாங்குகிற சென்சார் இல்லாத மோட்டாரை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். பிள்ளை வளர்கிற வரைக்கும் கையால் தள்ளினால் போதும்.

மழையைப் பற்றி உனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். இடவப்பாதி மழையில் மரம் ஊறிப் பெருக்கும். அரைக்கதவு நிலையில் உரசி நிற்கும், ஸ்பிரிங் இழுத்தாலும் முழுக்கச் சாத்தாது. சாத்தினது போலத் தெரியும், கொண்டி விழுந்திருக்காது. இதனால்தான் அடிக்கும்போதே பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் இடம் விடச் சொல்கிறேன், விளிம்பு எல்லாவற்றுக்கும் வார்னிஷ் பூசச் சொல்கிறேன். அடிவிளிம்பை எல்லாரும் விட்டுவிடுவார்கள், தண்ணீர் ஏறுவது அங்கேதான். கடற்காற்று எட்டுகிற ஊர், சாதா ஸ்க்ரூ துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்கு. மாதம் ஒருமுறை ஒவ்வொரு கேட்டையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார். ஆடினால் அன்றைக்கே முறுக்கு.

இதெல்லாம் எவ்வளவு காலத்துக்கு? கேட்டின் உயரம் பிள்ளையின் உயரத்தில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டு வயதுப் பையன் நடுத்தரமாக 87, 88 செ.மீ. இருப்பான், அதில் முக்கால் 66. கடைக் கேட்டுகள் பலவும் இரண்டு வயதுவரை என்று போட்டு வருவதன் காரணம் அதுதான். அவன் கொண்டியைத் திறக்கப் பழகினாலோ, கேட்டின் மேல் காலைத் தூக்கிப் போட்டாலோ அந்த நாளே படியின் கேட்டைக் கழற்றிவிடு. ஏறிவிழுகிற உயரம் அப்போது கூடுதல். அதற்குள் அவனுக்குப் படியிறங்கத் தெரிந்திருக்க வேண்டும். தவழ ஆரம்பித்ததும் தினமும் மாலையில் கேட்டைத் திறந்து, நீ இரண்டு படி கீழே நின்று, குப்புறத் திரும்பிக் காலை முதலில் இறக்கிப் பின்பக்கமாக வரப் பழக்கு. கேட் உனக்கு வாங்கித் தருவது இந்தப் பழக்கத்துக்கான காலத்தை. அடுக்களை அரைக்கதவையும் கிணற்று மூடியையும் மட்டும் எடுக்காதே. நாலைந்து வயது வரைக்கும், முடிந்தால் நீந்தக் கற்கும் வரைக்கும், அவை நிற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே மாதத்தில் பணம் இருக்காது என்று எனக்குத் தெரியும். துவைகல்லை நகர்த்துவதும், டிரம்மையும் அண்டாவையும் கவிழ்த்து வைப்பதும் நாளைக்கே. அடுத்தது கிணற்று மூடியும் அடுக்களைக் கதவும். படியின் மேல் கேட் வரும் வரைக்கும் பிள்ளையோடு கீழே படுத்துக்கொள்ளுங்கள், மாடிக்கு அவனைக் கொண்டு போகவே வேண்டாம். மற்றது மெதுவாக ஆகட்டும்.

அரைக்கதவை நானே இங்கே அடித்து, குழித்துறையிலிருந்து பஸ்ஸில் கொண்டு வந்துவிடுகிறேன். நீ அளவு மட்டும் அனுப்பு. அடுக்களை நிலையின் உள்ளகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அள. பழைய நிலை, மூன்றும் ஒன்றாக இருக்காது. நிலையின் கனம் எவ்வளவு, தரை எந்தப் பக்கம் சாய்கிறது, பெரிய கதவு எந்தப் பக்கம் மடங்குகிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்பு. உன் மாமியார் நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் விரல்நுனி தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்றும் அள. கொண்டியை அந்த அளவுக்குத்தான் வைக்கப் போகிறேன்.

உன் மாமா